தூணுக்கும் பாதிப் பக்கம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் பணிவோடு எழுதிக்கொள்வது. நலம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை என்பதால், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இன்று காலை என் மகளிடம் கேட்டேன். "உங்க மேல கோபமா இருக்கார், மத்தபடி நல்லாயிருக்கார்" என்றாள். அதனால் நீங்கள் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே, அதாவது உங்கள் வீட்டு மாடி அறையில், நானும் நலம். கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவன் கடிதம் எழுதுவது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். நடுவில் பதினான்கு படிதான். ஆனால் மூன்று வாரமாக அந்தப் படிகளில் நீங்கள் ஏறவில்லை. நான் இறங்கி வந்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறீர்கள். போன வாரம் நான் உப்பைத் தேடியபோது, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "உப்பு ஜன்னல்கிட்ட இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றீர்கள். அவளும் என் பக்கம் திரும்பி அதையே சொன்னாள். நானும் "சரின்னு சொல்லும்மா" என்றேன். அன்று சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு கோர்ட்டையே நடத்தினோம்.

இன்று காலை ஆறு மணிச் செய்தியில் சிரிப்பு நடிகர் பம்பரம் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். நீங்கள் பல்கூடத் தேய்க்காமல் பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடினீர்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், தைரியம் வரவில்லை. மகள்தான் சொன்னாள், "போன் பண்ணினா எடுக்க மாட்டார்ப்பா. எடுத்தாலும் நீங்க சுத்தி வளைச்சு விஷயத்துக்கு வர்றதுக்குள்ள வச்சிடுவார். எழுதிக் குடுங்க. எழுத்துன்னா தப்பு கண்டுபிடிக்கவாவது கடைசிவரைக்கும் படிப்பார்" என்று. ஆகவே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு விஷயத்தையும் கொஞ்சம் பாருங்கள். விஷயம் இதுதான். பம்பரத்துக்காக நாளைக்கு நீங்கள் போடப்போகிற முழுப் பக்கத்தில் பாதியை, அவரோடு நடித்த தூணுக்குக் கொடுக்க வேண்டும். பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அச்சுக்குப் போய்விடும் என்று தெரியும். அதனால்தான் இதை மதியமே உங்கள் கையில் சேர்த்துவிடப் பார்க்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். பம்பரம் அஞ்சடி. ஒரு இடத்தில் நிற்க மாட்டார், பேசும்போதே மூன்று சுற்றுச் சுற்றிவிடுவார், அதனால் அந்தப் பெயர். தூண் ஆறடிக்கு மேல், ஒல்லி, மேலே கட்டடமே விழுந்தாலும் அசையாமல் நிற்பார், அதனால் அந்தப் பெயர். இரண்டு பேரும் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். தூண் அமைதியாக ஒரு கேள்வி கேட்பார். பம்பரத்துக்குக் கோபம் வரும். சுற்றுவார், கத்துவார், கடைசியில் எகிறிக் குதித்துத் தூணின் சட்டையைப் பிடித்து இழுப்பார். சட்டையில் ஒரு துண்டு கையோடு வந்துவிடும், அதைத் தூக்கி வீசுவார். தூண் நிதானமாகக் குனிவார். துண்டை எடுப்பார், தூசி தட்டுவார், நாலாக மடித்து, மிச்சம் இருக்கும் சட்டையின் பையில் வைத்துக்கொள்வார். அப்புறம் அந்தக் கேள்வியையே மறுபடி கேட்பார். தியேட்டர் இடிந்து விழும்.

அந்தச் சட்டைகளைத் தைத்தது உங்கள் மாமனார். இதை நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னேன், திருமணத்தன்று உங்கள் அலுவலக நண்பர்களிடம் வரிசையாகச் சொன்னேன், உங்கள் மகள் பிறந்தபோது மருத்துவமனையில் நர்ஸிடமும் சொன்னேன். ஸ்டுடியோவில் எனக்குக் கிழிசல் டெய்லர் என்றே பெயர். மற்ற டெய்லர் தைத்தது கிழிந்தால் திட்டு விழும், நான் தைத்தது கிழியாவிட்டால் திட்டு விழும். தோள் மூட்டில் மூன்று தையலுக்கு ஒரு தையல் விட்டுத் தைக்க வேண்டும். தூண் கையைத் தூக்கினால் பிரியக்கூடாது, பம்பரம் இழுத்தால் நிற்கக்கூடாது. ஆனால் முதல் படத்தில் இதெல்லாம் திட்டம் போட்டுச் செய்தது இல்லை. அன்றைக்கு நான் அவசரத்தில் தைத்த சட்டை, பம்பரம் சும்மா பிடித்து உலுக்கியதற்கே கையோடு வந்துவிட்டது. நான் அப்போது தையல் அறையில் இருந்தேன்; டைரக்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்ததாக அப்புறம் வந்து சொன்னார்கள். என்னுடைய மோசமான தையலில் பிறந்த நகைச்சுவை என்று நாற்பது வருடமாகப் பெருமையோடு வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எழுபது தாண்டிய சினிமாக்காரர்களுக்கெல்லாம் நீங்கள் முன்கூட்டியே மறைவுப் பக்கம் எழுதித் தயாராக வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு முதலில் தெரியாது. தெரிந்ததும் சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால் அதுவும் எங்கள் தொழில் மாதிரிதான், ஆள் வருவதற்கு முன்னால் அளவு தெரிந்திருக்க வேண்டும். நீங்கள்தான் பம்பரத்தின் பக்கத்தைக் கையில் கொடுத்து, "மாமா, பழைய வருஷம், படம் எல்லாம் சரியான்னு பாருங்க. தப்பு இருந்தா பென்சில்ல குறிங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க" என்றீர்கள். நான் பார்த்தேன். முதல் படம் வந்த வருடம் சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. யாரிடம் கேட்கலாம் என்று யோசித்ததில், இதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் என்று தோன்றியது. நீங்கள் யாரிடமும் காட்டாதீர்கள் என்று சொன்னதில் செத்துப்போனதாக எழுதியிருக்கிறவரும் அடக்கம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பேச்சோடு பேச்சாக வருடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வைக்கவில்லை. அளவு எடுக்கப் போகிறவன் டேப்பை மறக்காத மாதிரி எடுத்துக்கொண்டு போனேன்.

பம்பரம் வீட்டுப் பின்பக்க அறையில் காலை வெயில் விழுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. சுற்றுவதெல்லாம் நின்றுபோய், கண் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாய்யா கிழிசல். பையில என்ன?"

"ஒண்ணும் இல்லண்ணே, ஒரு பேப்பர்."

"ஒண்ணும் இல்லாத பேப்பரை எதுக்கு நெஞ்சோட அணைச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

கையை நீட்டினார். இருபத்திரண்டு வருடம் அவர் கை நீட்டினால் ஊசியோ நூலோ கொடுத்துப் பழகிய கை இது, அதுவாகவே கொடுத்துவிட்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பைப் படித்தார். 'சுழன்ற பம்பரம் ஓய்ந்தது' என்று நீங்கள் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், மறுபடியும் தலைப்பைப் பார்த்தார்.

"எப்ப?"

"இன்னும் இல்லண்ணே."

"பரவாயில்ல, முன்னாடியே தகவல் சொல்லிட்டீங்க. இங்க ஒரு கோடு போட்டு, அன்று காலமானார்னு இருக்கே. இந்தக் கோட்டுல நான் எழுதணுமா, உன் மாப்பிள்ளை எழுதுவாரா?"

"மாப்பிள்ளைதான்ணே."

"கையெழுத்து நல்லாயிருக்குமா?"

மாப்பிள்ளை, எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அவரோ பேனாவைக் கொண்டுவரச் சொன்னார். உங்கள் எழுத்தில் உங்களைத் தவிர வேறொருவர் சிவப்பு மை போடுவதை அன்றுதான் பார்த்தேன். 'எளிமையின் சிகரம்' என்று போட்டிருந்தீர்கள். அதை அடித்துவிட்டு, "என் டிரைவர் இதைப் படிச்சான்னா வண்டியை ஓரமா நிறுத்திட்டுச் சிரிப்பான்" என்றார். 'ஆயிரம் படங்களுக்கு மேல்' என்பதை அடித்து, "இருநூத்திப் பதினெட்டு. அதுல முப்பது வெளியிலயே வரல. வந்ததுல பத்து, வராம இருந்திருக்கலாம்" என்றார். 'ஈடுசெய்ய முடியாத வெற்றிடம்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி யோசித்தார். "நான் அஞ்சடி. என்னால எவ்வளவு பெரிய வெற்றிடத்தை விட்டுட்டுப் போக முடியும், சொல்லு" என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கோபிக்கக் கூடாது. நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து உங்கள் மறைவுப் பக்கத்தை ஒன்று விடாமல் படிக்கிறேன். பாட்டுக்காரர், சண்டைக்காரர், கேமராக்காரர், வில்லன், எல்லோரும் எளிமையானவர்கள், எல்லோரும் ஈடுசெய்ய முடியாத வெற்றிடத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு நான் அளவு எடுத்திருக்கிறேன். ஒருத்தர் இடுப்புச் சுற்றளவைக் குறைத்து எழுதச் சொல்லி அழுவார். ஒருத்தர் சட்டை அனுப்பத் தாமதமானால் செருப்பைக் கழற்றுவார், அதே ஆள் என் மனைவி படுத்திருந்தபோது தினமும் வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஆட்கள் உங்கள் பக்கத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டையாகிவிடுகிறது. நீங்கள் சொன்ன வெற்றிடமெல்லாம் நிஜமாக இருந்தால் இந்த ஊர் இந்நேரம் சல்லடையாகியிருக்கும், நாம் நடக்க இடம் இருக்காது. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் போனவர்களுக்கு அவரவர் அளவில் ஒன்று தைத்துப் போட்டால் என்ன என்று தோன்றும்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். பம்பரம் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, தாளைத் திருப்பினார், பின்பக்கம் காலியாக இருந்தது, மறுபடி முன்பக்கம் வந்தார். "தூண் எங்கய்யா?" என்றார். நானும் எட்டிப் பார்த்துத் தேடினேன். நாலாவது பத்தியில் கிடைத்தது. 'துணை நடிகர் ஒருவரின் சட்டையை இவர் கிழிக்கும் காட்சிகள் புகழ்பெற்றவை.' ஒருவர். நான் விரலை வைத்துக் காட்டினேன். தூண் அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் இறந்திருந்தார். உங்கள் பத்திரிகையில் நாலு வரி வந்தது, படம் இல்லை. பம்பரம் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை, வண்டியில் டிரைவரை அனுப்பினார். டிரைவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு.

"ஜனங்க எப்ப சிரிச்சாங்கன்னு நெனச்சே?" என்று கேட்டார் பம்பரம்.

"நீங்க கிழிக்கும்போதுண்ணே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இருபது வருஷம் கழிச்சு ஒருநாள் தொப்பி போட்டுக்கிட்டு தியேட்டர் பின்வரிசையில உட்கார்ந்து பார்த்தேன். நான் குதிக்கிறேன், கத்துறேன், கிழிக்கிறேன். தியேட்டர் சும்மா இருக்கு. சும்மான்னா, காத்திருக்கு. அந்த ஆள் குனிஞ்சு துண்டை எடுத்து மடிச்சான் பாரு, அப்பத்தான் சிரிச்சாங்க. எனக்கு உடம்பே எரிஞ்சுது. ரெண்டு வருஷம் பொறுத்தேன். அப்புறம் ஒரு படத்துல, கிழிக்கிறதோட காட்சியை வெட்டிடுன்னு எடிட்டர்கிட்ட சொன்னேன். மடிக்கிறது எதுக்கு, நீளம்னு சொன்னேன். வெட்டிட்டாங்க. படம் வந்துது. ஒருத்தன் சிரிக்கல. தூணுக்கு வயசாயிடுச்சு, அவனாலதான் எடுபடலன்னு நானே எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"தூணண்ணன் உங்ககிட்ட கேட்டாரா?"

"கேட்டிருந்தா சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தா ஒருநாள் சமாதானம் ஆகியிருக்கலாம். அவன் கேட்கவே இல்லய்யா. கடைசி நாள் வந்து, வரேன்னு சொல்லிட்டுப் போனான்."

எனக்கும் இதில் பங்கு உண்டு, மாப்பிள்ளை. அந்தப் படத்துக்கு அப்புறம் தூணுக்குச் சட்டை தைக்கச் சொல்லி எனக்கு ஆர்டர் வரவில்லை. ஏன் என்று ஒரு வாய் கேட்டிருக்கலாம். நான் அளவு நோட்டில் அவர் பக்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்தவருக்குத் துணி வெட்ட ஆரம்பித்தேன்.

பம்பரம் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். கை நடுங்கியதால் ஒரு மணி நேரம் ஆனது. நான் எழுதித் தரட்டுமா என்றதற்கு, "உன் எழுத்தும் இழுத்தா பிரிஞ்சிடும், சும்மா இரு" என்றார். அவர் எழுதியது இவ்வளவுதான்: 'நான் கிழித்தபோது நீங்கள் சிரித்ததாக நினைத்தேன். நீங்கள் சிரித்தது அவர் மடித்தபோது. இது எனக்குத் தெரிந்த பிறகு அவரை நிற்க விடாமல் செய்தேன். நாலு பேருக்கு நடுவில் ஒருவர் அவமானப்பட்டால் எப்படி நிற்க வேண்டும் என்று காட்டியவர் அவர்தான். இந்தப் பக்கத்தில் பாதி அவருடையது.' கீழே கையெழுத்தும் போட்டார். தேதி போடவில்லை. "அதை மாப்பிள்ளை போடட்டும்" என்றார். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போடுவாங்கல்ல?" என்று கேட்டார். நான் "போடுவாங்கண்ணே" என்றேன். யார் பத்திரிகை, யார் பக்கம், நான் யார் வாக்குக் கொடுக்க என்று அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் அவர் சும்மா இருந்திருந்தால் நமக்குள் இந்தச் சண்டையே இல்லை. உங்கள் பெரிய ஆசிரியருக்குப் போன் போட்டு, "நான் செத்ததை உங்க ஆளு நல்லாத்தான் எழுதியிருக்காரு, ஆனா நாலாவது பத்தி இழுக்குது" என்று சொல்லியிருக்கிறார். பெரிய ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டு என்னவெல்லாம் கேட்டார் என்பதை மகள் சொன்னாள். பதினைந்து வருட வேலையில் இப்படி ஒரு தலைகுனிவு வந்ததில்லை என்று நீங்கள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்களாம். நான் பின்பக்கத்தைக் காட்டலாம் என்று தாளோடு இறங்கி வந்தேன். "அந்தத் தாளை என் கண்ல காட்டாதீங்க" என்றீர்கள். நேரடியாக என்னிடம் நீங்கள் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். அதையும் நான் ஒரு பேச்சாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்தத் தாளை இதோடு வைக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தைத் தூண் மேல் காட்ட வேண்டாம். இடம் இல்லை என்று சொல்வீர்கள். நான் தையல்காரன், எங்கே பிடித்தால் எவ்வளவு துணி மிஞ்சும் என்று தெரியும். பிரமுகர்களின் இரங்கல் என்று ஒரு பெட்டி போட்டிருக்கிறீர்கள், ஆள் போவதற்கு முன்பே எட்டுப் பேர் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வைத்திருக்கிறார்கள், ஒருவரை வைத்துக்கொண்டு ஏழு பேரை எடுத்தால் ஒரு சட்டைக் கை அளவுக்கு இடம் வரும். 'எளிமையின் சிகரம்' பத்தியை எடுத்தால் காலருக்கு ஆகும். தூணின் படம் உங்கள் அலுவலகத்தில் இல்லை என்று மகள் சொன்னாள். அவர் மனைவி இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய், ஒரு படம் வாங்கி, இதோடு வைத்து, உங்கள் அலுவலக வாசலில் கொடுத்துவிடுகிறேன். உள்ளே வரமாட்டேன், பயப்படாதீர்கள்.

என்னால் உங்களுக்கு வந்த தலைகுனிவுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பெரியவன் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பார்கள், நான் பெரியவனாக நடந்துகொள்ளாததால் எனக்கு அது பொருந்தாது. நீங்களும் என் மகளும் பேத்தியும் பல்லாண்டு சுகமாக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் எழுத ஆள் கிடைக்காமல் நீங்கள் வேறு பிரிவுக்கு மாற வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மேல்மாடியிலிருந்து,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மணி பன்னிரண்டரை. தூண் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம்.

இங்கே வந்து விஷயத்தைச் சொல்லி, பம்பரம் எழுதியதைத் தூண் வீட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அழுவார்கள் என்று நினைத்து நாற்காலியைக்கூட நகர்த்திப் போட்டு வைத்தேன். அவர்கள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எந்தச் சட்டை?" என்றார்கள்.

"முதல் படத்துச் சட்டைம்மா. நான் தைச்சது."

"நீங்க தைச்சது அவருக்கு முழங்கையோட நின்னுது. அளவு எடுக்காமலே தைச்சிருந்தீங்க. அதைக் கழட்டி வச்சிட்டு அவரோட சொந்தச் சட்டையிலதான் நடிச்சார். வெளியில போட்டுக்கிட்டுப் போக இருந்தது அது ஒண்ணுதான். துண்டு இல்லாம வீட்டுக்கு வந்தா நான் எதை வச்சுத் தைப்பேன்? அதான் பொறுக்கி மடிச்சு வச்சிக்கிட்டார். அதுக்குப் போய்ச் சிரிச்சாங்க."

நாற்பது வருடம் நான் பெருமையடித்த கிழிசல் என்னுடையது இல்லை, மாப்பிள்ளை. நர்ஸைப் பார்த்தால் சொல்லிவிட வேண்டும். அப்புறம் வந்த படங்களிலெல்லாம் கம்பெனிச் சட்டைதானே, அந்தத் துண்டையும் ஏன் மடித்தார் என்று கேட்டேன். "மடிக்கச் சொன்னாங்க, மடிச்சார். வீட்டுக்குக் கொண்டுவந்துடுவார். உங்க துணியில பிடிச்சுத்தான் நான் இருபது வருஷமா சட்டி இறக்கினேன். நல்ல துணி" என்றார்கள். எனக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் இதுதான் கொஞ்சம் நம்பக்கூடியது.

அப்புறம்தான் சொன்னார்கள், தாளைப் போட வேண்டாம் என்று. "இதைப் போட்டா நாளைக்கு எல்லாரும் என்ன பேசுவாங்க? சாகும்போதுகூட எவ்வளவு பெரிய மனசுன்னு பம்பரத்தைத்தான் பேசுவாங்க. இவர் மறுபடியும் பக்கத்துல நிப்பார். அந்தப் பாதிப் பக்கமும் அவருக்குத்தான் போய்ச் சேரும்." நான் இருபத்திரண்டு வருடம் அந்த இரண்டு பேரையும் பக்கத்திலிருந்து பார்த்தவன். இது எனக்கு எட்டவில்லை.

பம்பரத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே அம்மா என்றேன். "உயிரோட இருந்தவரைக்கும் அவர் சொன்னபடிதான் எல்லாரும் செஞ்சீங்க. இந்த ஒரு தடவை வேணாமே" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார்கள். "இது எனக்கு எழுதின கடுதாசி. பேப்பர்காரங்களுக்கு இல்ல" என்று உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதனால் தாள் இதோடு இல்லை, தேடாதீர்கள்.

ஆகவே நாளைக்குப் பம்பரத்தின் பக்கத்தை முழுசாக அவருக்கே போடுங்கள், சிகரமும் வெற்றிடமும் இருந்துவிட்டுப் போகட்டும். வேறு ஒரு நாள், யாரும் சாகாத நாளாகப் பார்த்து, தூணுக்கென்று தனியாக ஒரு இடம் வேண்டும் என்கிறார்கள். சின்னதாக இருந்தாலும் போதும், பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. சினிமாவுக்கு அப்புறம் அவர் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியதையும் எழுதச் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் அவர் சட்டையைப் பிடித்து இழுக்குமாம். ஒருநாளும் அதட்டியதில்லையாம். எனக்கு அது தெரியாது, அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் ஒருதடவைகூட வந்து பார்த்ததில்லை. என் மேல் உள்ள கோபத்தை நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள்.

படம் இதோடு இருக்கிறது. பஸ் பக்கத்தில் நின்று எடுத்தது, சாயம் போகாத சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டிருக்கிறார். சினிமாவில் அவரைப் பார்த்த யாரும் அவரை இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த மாதிரி சின்னச் செய்திக்கு நீங்கள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவீர்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்ட வேண்டாமாம். சட்டையும் தெரிய வேண்டுமாம்.